நீலத்திரைக்கு முன்னால் வாங்க, சார்

போன் அடித்தது.

திருவையாற்றில், பஸ் ஸ்டாண்டு எதிரே மாடியில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோ. யாரோ ஒரு மணப்பெண்ணின் கன்னத்துப் பருவை கம்ப்யூட்டரில் அழித்துக்கொண்டிருந்த எழில்மொழி, கண்ணை எடுக்காமலே போனை எடுத்தாள்.

அன்பரசன். அவள் புருஷன்.

"எழிலு... சார் ஒத்துக்கிட்டாரு."

"எதுக்குங்க?"

"மன்னிப்பு கேக்க. கேமரா முன்னாடி, வயல்லயே நின்னு கேக்கறேன்னாரு. நன்னிலத்துல மதகுகிட்ட ஸ்டாண்டு போட்டுக்கிட்டிருக்கேன். அதோ... வர்றாரு. வைக்கிறேன்."

வைத்துவிட்டான்.

அந்தக் குரலை அவள் கேட்டது அதுதான் கடைசி.

மறுநாள் காலை, அடுத்த ஊர் வாய்க்கால் ஷட்டரில் ஆகாயத்தாமரையோடு ஒதுங்கிக் கிடந்தான் அன்பரசன். பின்மண்டை உடைந்திருந்தது.

மதகில் கால் வழுக்கி, கல்லில் மண்டை மோதி, தண்ணீரில் விழுந்திருக்கிறான்... எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். கேமராவும் ஸ்டாண்டும் போனும் தண்ணீரோடு போயிருக்கும் என்றார்கள்.

எழில்மொழி மட்டும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும். மதகுக்கு யார் வந்தது என்று அவள் காதிலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறானே அவன்.

வந்தவர் பெயர் குஞ்சிதபாதம்.

டெல்டாவில் அந்தப் பெயரைத் தெரியாத விவசாயி கிடையாது. தஞ்சாவூரில் அவர் நடத்திய 'பொன்னி வயல்' யூட்யூப் சேனலை டீக்கடையில் பார்ப்பார்கள், களத்துமேட்டில் பார்ப்பார்கள். வெள்ளைச் சட்டை, தோளில் பச்சைத் துண்டு, கையில் ஒரு பிடி நாற்று. பின்னால் கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல்.

அந்த வயல்தான் விஷயம்.

அது வயலே இல்லை. ஸ்டுடியோ சுவரில் மாட்டிய நீலத்துணி. சினிமாக்காரர்கள் ப்ளூ மேட் என்பார்கள். ஆளை நீலத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் நீலத்தை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு, அந்த இடத்தில் எந்த ஊரை வேண்டுமானாலும் ஒட்டலாம். மற்ற சேனல்களில் பச்சைத்துணி வைப்பார்கள். இங்கே பச்சை வைத்தால் துண்டும் நாற்றும் சேர்ந்து காணாமல் போய்விடும்!

வெட்டி ஒட்டுகிற வேலை அன்பரசனுடையது. அதில் அவனை மிஞ்ச தஞ்சாவூரில் ஆள் இல்லை.

ஒரு நாள் குஞ்சிதபாதம் அந்த நீலத்துணி முன் நின்றுகொண்டு, ஒரு பயிர் டானிக்கைத் தூக்கிக் காட்டினார். நன்னிலத்தில் தன் சொந்த வயலில் தெளித்துப் பார்த்ததாகவும், கதிர் யானைத் தும்பிக்கை மாதிரி தொங்குவதாகவும் சொன்னார். ஜனங்கள் நம்பித் தெளித்தார்கள்.

பூக்கிற பருவத்தில் பயிர் கருகியது.

செய்தி கேட்டு அன்பரசன் நன்னிலம் போனான். காத்தான் என்ற விவசாயி அவனை வரப்பு வரப்பாகக் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாராம்.

"உங்க சார் நிக்கிற வயலு எங்கருக்கு தம்பி? காட்டுங்க. அந்த மண்ணை ஒரு தடவ கையில எடுத்துப் பாத்துட்டு வந்துடறேன்."

அன்பரசன் என்ன சொல்வான்? அந்த வயல் சுவரில் மாட்டிய துணி என்றா?

அன்றே குஞ்சிதபாதத்திடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். நீங்கள் உண்மையைச் சொல்லுங்கள், இல்லையென்றால் நானே கேமரா முன்னால் உட்கார்ந்து சொல்வேன்.

அப்புறம்தான் அந்த மதகு.

எழில்மொழி இத்தனையையும் நன்னிலம் இன்ஸ்பெக்டர் கமருன்னிஸாவிடம் சொன்னாள். அந்த அம்மாள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் போனைத் திருப்பிக் காட்டினார்.

'பொன்னி வயல்' சேனலில் ஒரு லைவ். அன்பரசன் மதகில் இருந்த அதே சாயங்காலம். தரங்கம்பாடிக் கோட்டைக்கு முன்னால் நின்று, உப்புக்காற்றில் துண்டு பறக்க, கடலோர நிலங்களைப் பற்றிப் பேசுகிறார் குஞ்சிதபாதம்.

"ஊரே பாத்திருக்கும்மா. அவரு போனும் அந்த நேரம் தரங்கம்பாடி டவர்லதான் இருந்திருக்கு. அங்கேருந்து நன்னிலத்துக்குப் பறந்தா வருவாரு?"

எழில்மொழி அந்த லைவை வாங்கிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். தலைமுடி ஓரத்தில் ஒரு இழை அளவுக்கு உள்ளே தள்ளி வெட்டியிருந்தது.

அது ஒரே ஒரு ஆளின் கை.

வேறு வாரத்து நிகழ்ச்சிக்கு என்று சொல்லி, அன்பரசனையே முன்கூட்டி வெட்டி ஒட்ட வைத்து, அதை லைவ் என்று ஓட விட்டிருக்கிறான் பாவி! தன்னைக் கொல்லப்போகிறவன் தப்பிக்க, தானே வழி செய்து கொடுத்துவிட்டுத்தான் மதகுக்குப் போயிருக்கிறான் அவள் புருஷன்.

"மேடம், இது ப்ளூ மேட்டு. சத்தியமாச் சொல்றேன்."

கமருன்னிஸா அதை லேபுக்கு அனுப்பினார். திரும்பி வந்த பதில் ஒரு வரி. படம் மிகவும் சுருக்கப்பட்டிருக்கிறது, எல்லா இடமும் கட்டம் கட்டமாக உடைந்திருக்கிறது, எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது.

விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

எழில்மொழி அழுது முடித்தாள். பிறகு நேராகத் தஞ்சாவூர் போய் குஞ்சிதபாதத்தின் முன் நின்று, கைகட்டிக் கேட்டாள்.

"அவரு பார்த்த வேலைய எனக்குக் குடுங்க சார். எனக்கும் மிக்ஸிங் தெரியும்."

குஞ்சிதபாதம் மனசு உருகிப்போனார். அவர் உருகியதையும் ஒரு கேமரா படம் பிடித்தது. "உங்க குடும்பத்துக்கு நான் இருக்கேம்மா" என்று அவர் சொன்ன வீடியோ, சேனலில் நன்றாக ஓடியது.

புருஷன் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தினமும் குஞ்சிதபாதத்தின் உருவத்தைச் சுற்றி வெட்டினாள். காதோரம் வெட்டினாள். கழுத்தோரம் வெட்டினாள். அவன் சிரிக்கும்போது கன்னத்தில் எத்தனை மடிப்பு விழும், பொய் சொல்லும்போது எந்தப் புருவம் முதலில் ஏறும்... அவனைப் பெற்றவளுக்குக்கூட அவ்வளவு தெரிந்திருக்காது.

ஒரு வருஷம் ஓடியது.

ஒரு மத்தியானம் தன் பழைய போனைக் குடைந்துகொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. அன்பரசன் எப்போதோ வேடிக்கைக்காக வாட்ஸ்அப்பில் அனுப்பிய துண்டு வீடியோ. ப்ளூ மேட் முன்னால் குஞ்சிதபாதம் விதைநேர்த்தி செய்து காட்டிவிட்டு, குனிந்து பார்த்தபடி பச்சைத் துண்டில் கையைத் துடைத்துக்கொள்கிறார்.

எழில்மொழி அதை மறுபடி ஓட்டினாள்.

விதையை மறந்துவிட்டுப் பார்த்தால்... யாரையோ தீர்த்துவிட்டுக் கை துடைக்கிறவன் மாதிரியே இருந்தது.

அதைவிட முக்கியம், அதில் அவனுக்கு மீசை இருந்தது. அன்பரசன் செத்த மறு வாரமே வேண்டுதல் என்று முடியையும் மீசையையும் எடுத்துவிட்டான். மீசை வைத்த காலத்தில் நீலத்துணியோடு எடுத்த ஒரிஜினல் எல்லாவற்றையும் இடம் போதவில்லை என்று அழிக்க வைத்திருந்தான். இது ஒன்றுதான் தப்பியிருந்தது.

ஆனால் சுருங்கி, நொறுங்கி, கட்டம் கட்டமாக.

வீடியோவைச் சுருக்கும்போது மெஷின் ஒரு தந்திரம் செய்யும். வெளிச்சத்தை முழுசாக விட்டுவிட்டு, நிறத்தை மட்டும் பெரிய பெரிய கட்டங்களாகச் சேர்த்துக் கட்டிவிடும். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. நீலத்தை வெட்டப் போனால்தான் தெரியும்... தோளெல்லாம் படிக்கட்டு, முடியெல்லாம் எலி கடித்த துணி!

குஞ்சிதபாதம் லேசுப்பட்ட ஆளும் இல்லை. சேனல் தொடங்குமுன் கல்யாண வீடியோவில் வெட்டி ஒட்டியே நரைத்தவன். போலி என்றால் ஓரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான்.

அவள் முதலில் மொத்தப் படத்தையும் மழுக்கிப் பார்த்தாள். படிக்கட்டு போயிற்று. கூடவே முகமும் களிமண் ஆயிற்று.

பிறகு வெளிச்சத்தைத் தனியாக, நிறத்தைத் தனியாகப் பிரித்தாள். வெளிச்சத்தில் கை வைக்கவில்லை. நிறத்தை மட்டும் மெதுவாகக் கரைத்தாள். கட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று இளகின. அதற்குப் பிறகு நீலத்தை வெட்டினாள்.

முடி முடியாக வந்தது. மீசை மீசையாக வந்தது.

வெள்ளைச் சட்டையில் ஒட்டியிருந்த நீலச் சாயலைத் துடைத்தாள். ஒரு சாயங்காலம் நன்னிலம் போய், வாய்க்கால் கரைப் பனைமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று, மதகைப் போனில் படம் எடுத்து வந்தாள். அவனை அங்கே கொண்டு போய் நிறுத்தினாள். சாயங்கால வெயிலை அவன் மேலும் போட்டாள். கடைசியாக, ஆளும் மதகும் ஒன்றாகவே எடுத்த மாதிரி தெரிய, எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி ஒருமுறை சுருக்கினாள்.

ஓட விட்டுப் பார்த்தாள்.

மதகு மேல் நின்று, தண்ணீரைக் குனிந்து பார்த்தபடி, கையைத் துடைத்துக்கொண்டிருந்தான் அவள் புருஷனைக் கொன்றவன்.

செய்தவள் அவள்தான். அவளே அதை இரண்டாம் தடவை ஓட விடாமல் மூடிவைத்தாள்.

கமருன்னிஸாவிடம் காட்டினாள். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதை கோர்ட்டுக்குக் கொண்டு போனா முதல்ல உள்ள போறது நீதான். தெரியுமா?"

"கோர்ட்டுக்கு இல்லைங்க மேடம். அவருக்கு."

"பாத்தா?"

"பயப்படுவாரு. ஓடுவாரு. இல்ல, யார்கிட்டயாவது போய் உளறுவாரு. ஒரு வருஷமா நிம்மதியாத் தூங்கறாரு மேடம். அதையாவது கெடுக்கணும்."

கமருன்னிஸா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நான் எதையும் பாக்கல. என் நம்பர் உங்கிட்ட இருக்கில்ல?"

மறுநாள் ஸ்டுடியோ கலகலப்பாக இருந்தது. டானிக் கம்பெனிக்காரர்கள் அடுத்த விளம்பரத்தைப் படம் பிடிப்பதை நேரில் பார்க்க வந்திருந்தார்கள். குஞ்சிதபாதம் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், சேனல் நம்பருக்கு யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருக்காங்க. நீங்க ஒரு தடவ பாத்துட்டா நல்லாருக்கும்."

எழில்மொழியின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஓட விட்டார்.

அவள் முகத்தையே பார்த்தாள். புருவம் ஏறவில்லை.

"நீ வெளிய இரும்மா."

கதவுக்கு வெளியே நின்றாள்.

கதவு திறந்தது.

குஞ்சிதபாதம் சிரித்துக்கொண்டே வந்தார்.

"போலி. எவனோ வேலவெட்டி இல்லாதவன் வெட்டி ஒட்டியிருக்கான். அழிச்சுடு."

அவ்வளவுதான்!

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எழில்மொழி உள்ளே போனாள். ஒரு வருஷம்... அந்த நாற்காலி... அந்தச் சிரிப்பு... எல்லாம் போயிற்று. எங்கே தப்பு? மீசையிலா? தோளிலா? எந்த ஓரத்தில் கட்டத்தைப் பார்த்தான்?

தொழில்காரி மனசு சும்மா இருக்கவில்லை. அவன் என்னவெல்லாம் பார்க்கிறான் என்று தெரிந்துகொள்ள, ஸ்கிரீனில் நடப்பது மொத்தத்தையும் பதிவாக வைத்திருந்தாள். உட்கார்ந்து அதை ஓட்டினாள்.

வீடியோ ஒரு முறை ஓடியது. மறுபடி ஓடியது. நின்றது.

மவுஸின் அம்புக்குறி நகர்ந்தது.

மீசைக்குப் போகவில்லை. முடிக்குப் போகவில்லை. அவன் உருவத்தின் பக்கமே போகவில்லை.

நேராகப் படத்தின் இடது மூலைக்குப் போனது. அங்கே ஒரு இடிந்த மோட்டார் கொட்டகை. அதன் பின்சுவர் ஓரமாக ஒரு துண்டு நிலம். அதைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். படத்தைக் கடைசி வரை ஓட்டி, மறுபடி அதே மூலை. மறுபடி பெரிதாக்கல்.

எழில்மொழி வாயைப் பொத்திக்கொண்டாள்.

போலி என்று சந்தேகப்படுகிறவன் ஆளின் ஓரத்தைப் பார்ப்பான். இவன் பார்த்தது ஓரத்தை அல்ல. தன்னைப் படம் எடுத்தவன், அதற்குப் பிறகு தான் செய்ததையும் எடுத்துவிட்டானா என்று பார்த்திருக்கிறான்!

கொட்டகைக்குப் பின்னால் என்னவோ இருக்கிறது.

கமருன்னிஸாவுக்குப் படத்தை அனுப்பிவிட்டுப் போன் போட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே வராந்தாவில் குஞ்சிதபாதத்தின் குரல் கேட்டது. டிரைவர் ரெத்தினத்திடம், ஷூட்டிங் முடிந்ததும் நன்னிலம் வரை போகவேண்டும், வண்டியை வாசலிலேயே வை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் அதையும் சொன்னாள்.

"நான் தோண்டி எடுத்துட்டு அங்க வரணும்" என்றார் கமருன்னிஸா. "அதுவரைக்கும் அந்த ஆள் ஸ்டுடியோவ விட்டு நகரக் கூடாது. பிடிச்சு வைப்பியா?"

"வைக்கிறேன் மேடம்."

"எப்படி?"

"அவரு நல்லாத் தெரியணும்னு ஆசைப்படுவாரு மேடம். அது போதும்."

ஷூட்டிங் தொடங்கியது. நீலத்துணிக்கு முன்னால் நின்று, டானிக் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, ஒரே மூச்சில் பேசி முடித்தார் குஞ்சிதபாதம். கம்பெனிக்காரர்கள் கை தட்டினார்கள்.

எழில்மொழி மானிட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"சார்... தோள்பட்டை ஓரத்துல கட்டம் கட்டமா உடையுது. இன்னொரு டேக் போயிடலாங்களா?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான். பிறகு கம்பெனிக்காரர்களைப் பார்த்தான். சரி என்றான்.

அடுத்த டேக்கில் காதோரம் உடைந்தது. அதற்கடுத்ததில் துண்டில் நீலம் ஏறியது. பிறகு லைட்டை மாற்றினாள். பிறகு துணியில் சுருக்கம் என்று அயர்ன் பாக்ஸ் கொண்டுவரச் சொன்னாள். பவுடர் வழிந்து அவன் கழுத்தில் கோடு கோடாக இறங்கியது. சொந்த வயலில் தெளித்தேன் என்று அவன் சொல்லச் சொல்ல, அவள் மறுபடி மறுபடி அதையே சொல்ல வைத்தாள்.

ஒரு வருஷத்தில் முதன்முறையாக அந்த வேலை அவளுக்கு இனித்தது.

"போதும்மா. இருக்கறத வச்சுப் பாத்துக்க" என்று அவன் துண்டை உருவினான். "எனக்கு அவசரமா ஒரு இடத்துக்குப் போகணும்."

"அந்த இடத்துலேருந்துதான் சார் வர்றேன்."

கமருன்னிஸா வாசலில் நின்றார். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். அவர்கள் கையில் சேறு அப்பிய ஒரு யூரியா சாக்கு.

அதைத் தரையில் வைத்துப் பிரித்தார்கள். கால் வளைந்த ஒரு கேமரா ஸ்டாண்டு. ஒரு கேமரா. அன்பரசனின் போன். எல்லாவற்றையும் சுற்றியிருந்தது ஒரு வெள்ளைச் சட்டை... இப்போது வெள்ளை இல்லை. காலரில் டெய்லர் தைத்த எழுத்து மட்டும் அழியாமல் இருந்தது. கு.பா.

ரெத்தினம் கார் சாவியை மேஜை மேல் வைத்தான். தரங்கம்பாடிக்கு நான் போனை மட்டும்தான் கொண்டுபோனேன் மேடம், எதுக்குன்னு எனக்குத் தெரியாது என்று யாரும் கேட்காமலே சொன்னான்.

குஞ்சிதபாதம் அவனைப் பார்க்கவில்லை. சாக்கைப் பார்க்கவில்லை. எழில்மொழியைப் பார்த்தான்.

"அந்த வீடியோவ எடுத்தது யாரு? எவன் ஒளிஞ்சிருந்தான் அங்க?"

"யாரும் எடுக்கலைங்க சார். நான் செஞ்சது. நீங்க நின்னது இந்த நீலத்துணி முன்னாடி. மதகு பின்னால ஒட்டுனது."

அவன் சிரித்தே விட்டான்.

"எங்கிட்டயே கத விடறியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே வெட்டி ஒட்டுனவன் நான். போலி எது, நெசம் எதுன்னு எனக்குத் தெரியாது? அது நெசம். அந்த மதகு மேல, அதே மாதிரி, கையத் தொடச்சுக்கிட்டு நான் நின்னேன். நின்னவனுக்குத் தெரியாதா?"

கம்பெனிக்காரர்களில் ஒருவர் டானிக் பாட்டிலை மெதுவாக மேஜைக்கு அடியில் வைத்தார்.

தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்ததும் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அப்போதுதான் கேமராவின் மேல் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்தான்.

கான்ஸ்டபிள் அவன் கையில் விலங்கை மாட்டினார்.

அன்பரசன் இதைப் பார்க்க இல்லையே என்று எழில்மொழிக்கு ஒரு கணம் கண் மங்கியது. துடைத்துக்கொண்டாள். லென்ஸைச் சரியாக அவன் முகத்துக்குத் திருப்பினாள்.

"நிறுத்து அதை" என்று கத்தினான் குஞ்சிதபாதம். "நிறுத்துடி!"

"அசையாம நில்லுங்க சார். ஓரமெல்லாம் இப்பதான் சுத்தமா வருது" என்றாள் எழில்மொழி. "பின்னால எதைப் போடட்டும்... திருச்சி ஜெயிலா, கடலூர் ஜெயிலா?"